"பீர்தானே!" - தாம்பரம் டு புதுச்சேரி... ஒரு கிளாஸ் லாகரும் சித்தப்பாவின் கணக்கும்

"பிராந்தியை விட்டாச்சு. இனிமே வெறும் பீர்தான்!"

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பொங்கல் நாளில், எங்கள் சேலையூர் வீட்டு மொட்டைமாடியில் சித்தப்பா இப்படி அறிவித்தபோது குடும்பமே பூரித்துப்போனது. சித்தி மறுநாளே ஸ்கந்தாஸ்ரமத்துக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அம்மா இரண்டாவது முறை பாயசம் ஊற்றினார். தினமும் ஒரு குவார்ட்டர் என்று இருபது வருடம் ஓட்டிய மனிதர், இனி பீருக்கு மாறுகிறார் என்றால் சும்மாவா? எங்கள் ஏரியாவில் பீர் என்பது கிட்டத்தட்ட ஜூஸ் ரகம். "கிட்னி ஸ்டோன் இருக்கா? ரெண்டு பீர் அடி, கரைஞ்சிடும்" என்று மருந்துச்சீட்டு எழுதாத குறையாகச் சொல்லும் அண்ணன்கள் தாம்பரத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. (கரையாது. பீர் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும், உடம்பின் நீரை வற்ற வைக்கும். கல்லுக்கு வேண்டியது தண்ணீரும் டாக்டரும்தான்.)

இந்தக் கட்டுரை பீரைப் பற்றியது. ஆனால், சித்தப்பாவை விட்டுவிட்டு என்னால் இதை எழுத முடியவில்லை. அம்மா இந்த இதழின் நீண்டநாள் வாசகி. எனவே, இதை அவரும் போனில் படிப்பார் என்ற பயத்துடனேயே தொடர்கிறேன்.

டெஸ்க்கில் என்னிடம் சொன்னது சின்ன விஷயம்தான். "கிராஃப்ட் பீர்னு இப்போ எல்லோரும் பேசுறாங்க. நம்ம பக்கம் எங்கே கிடைக்கும், எப்படி இருக்கும்னு ஒரு வீக் எண்ட் ஸ்டோரி பண்ணு." கிராஃப்ட் பீர் என்றால், பெரிய ஆலையில் லட்சக்கணக்கான பாட்டில்களாக இல்லாமல், சின்ன அளவில், ருசிக்காகக் காய்ச்சப்படும் பீர். அதைப் பெரும்பாலும் காய்ச்சிய இடத்திலேயே குழாயைத் திறந்து பிடித்துக் கொடுப்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் மைக்ரோப்ரூவரி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் என்று தேடினேன். பதில் சுலபம்: கிடையாது. தமிழ்நாட்டிலேயே கிடையாது. இங்கே 1983-ல் ஆரம்பிக்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் அந்த கம்பிக் கதவுக்குப் பின்னால் என்ன அடுக்கியிருக்கிறதோ, அதுதான் நமக்கான பீர். ஹரியானா, மகாராஷ்டிரா, கர்நாடகா எல்லாம் 2008-ல் தொடங்கி அடுத்தடுத்த சில வருடங்களில் மைக்ரோப்ரூவரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன. பெங்களூரில் இன்று அது ஒரு தனிக் கலாசாரம். நம் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. அங்கே உள்ள ஒரு ப்ரூவரியின் பெயர் கேட்டமரான். நம்ம கட்டுமரம்தான், இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

அதனால் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் புதுச்சேரி ரயில் ஏறினோம். நானும், குரோம்பேட்டையில் பிறந்து பெங்களூரு ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பனும். பைக்கில் ஈ.சி.ஆர் போகலாம் என்றான். முடியாது என்றேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக்கூட விடுங்கள், அந்த ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு நடக்கும் விபத்துகளை டெஸ்க்கில் உட்கார்ந்து டைப் செய்கிறவன் நான்.

'லாகரா? அது டாஸ்மாக்லயே இருக்கே மச்சான்!'

நாங்கள் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரமாகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று எவர்சில்வர் டேங்க்குகள், கல்யாண மண்டப சாம்பார் அண்டாவுக்கு மூடி போட்டு பைப் வைத்த மாதிரி. நண்பன் மெனுவைப் பார்க்கவேயில்லை. முதலில் கோதுமை பீர், அப்புறம் ஐ.பி.ஏ என்றான். பெங்களூரு அவனுக்குக் கற்றுக்கொடுத்த வரிசை அது. நான் லாகர் கேட்டேன்.

"இவ்ளோ தூரம் வந்து லாகரா? அது டாஸ்மாக்லயே இருக்கே மச்சான். தண்ணி மாதிரி இருக்கும்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. உலகத்தில் விற்கும் பீரில் பெரும்பகுதி லாகர்தான். டாஸ்மாக் ஃப்ரிட்ஜில் நாம் பார்க்கும் பாட்டில்களில் பெரும்பாலானவையும் அதே குடும்பம். அதனால்தான் கிராஃப்ட் பீர் ரசிகர்களுக்கு அது இளக்காரம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை சங்கீத ரசிகர் மதிக்காத மாதிரி.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இட்லி மாவுதான் உதவும்.

மே மாதம் தாம்பரத்தில் இட்லி மாவை வெளியே வைத்தால் ஐந்து மணி நேரத்தில் பொங்கி, பாத்திரம் தாண்டி வழிந்து, கிச்சன் மேடையே புளித்துவிடும். அதே மாவை டிசம்பரில் ஊட்டியில் கரைத்து வைத்தால் விடிந்தாலும் அசையாது. பீரிலும் இதே கதைதான். ஏல் என்ற குடும்பம் மே மாத மாவு. அதன் ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் வேகமாக, திரவத்தின் மேல்பக்கம் பொங்கிப் புளிக்கும். அந்த வேகத்தில் பழ வாசனைகள் நிறைய உண்டாகும். நண்பனின் கோதுமை பீரில் மலைவாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்தாற்போல ஒரு மணம் வந்ததே, அது யாரும் பழம் போட்டதால் அல்ல. ஈஸ்ட் செய்த வேலை.

லாகர், ஊட்டி மாவு. அதன் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரி குளிரில் அடியில் தங்கி, மெதுவாக வேலை செய்யும். புளித்து முடித்த பிறகும் உடனே கிளாஸுக்கு வராது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டும். 'லாகர்' என்ற பெயரே, சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஏல் இரண்டு வாரங்களில் தயாராகிவிடும் என்றால் நல்ல லாகருக்கு ஐந்தாறு வாரங்களாவது ஆகும். நாலைந்து டேங்க் மட்டுமே வைத்திருக்கும் சின்ன ப்ரூவரிக்கு இது பெரிய நஷ்டக் கணக்கு. ஒரு லாகருக்காக ஒதுக்கும் டேங்க்கில் மூன்று முறை கோதுமை பீர் எடுத்து விற்றிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.பி.ஏ-வில் தப்பு நடந்தால் ஹாப்ஸ் பூவின் கசப்பும் வாசனையும் அதை மூடிவிடும். மசாலா போட்டால் பழைய மீனும் தப்பிக்கிற மாதிரி. லாகர் வெறும் ரசம். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். தண்ணீரின் தன்மைகூட ருசியில் தெரியும். செக் நாட்டின் பில்சன் நகரத்து லாகர் புகழ்பெற்றதற்கு அந்த ஊரின் மென்மையான தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். எங்கள் தெரு போர் தண்ணீரை வைத்து லாகர் காய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஹீட்டர் காயிலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது.

அந்த பில்சன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1838-ல் அந்த ஊர் பீர் அவ்வளவு மட்டம். கோபத்தில் 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்பே கொட்டிவிட்டார்கள். பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு ஆலை கட்டி, பக்கத்து பவேரியாவிலிருந்து ஜோசப் கிரோல் என்ற ப்ரூவரைக் கூட்டி வந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் முதல் பொன்னிற லாகர். இன்று உலகம் முழுக்க, நம் டாஸ்மாக் வரை, மஞ்சளாகத் தளும்பும் பீருக்கெல்லாம் மூத்த அக்கா அது. ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊருக்காகக் காய்ச்சிய லோக்கல் பீராகத்தான் லாகர் புகழ் பெற்றது. இதை நண்பனிடம் சொன்னபோது, அவன் ஐ.பி.ஏ-வில் மும்முரமாக இருந்தான். அந்த 'ஐ' இந்தியாவைக் குறிக்கும் என்பதும், அது இந்தியாவுக்குக் கப்பலேற்ற இங்கிலாந்தில் காய்ச்சியது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததில் பெருமை வேறு.

மெட்ராஸும் குளிரும்

லாகருக்குக் குளிர் வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்து மெட்ராஸின் பிரச்னை. பில்சனில் அந்தப் பொன்னிற பீர் பிறந்த அதே 1842-ல்தான் மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் கட்டிகள் கப்பலில் நான்கு மாதம் பயணம் செய்து இங்கே வந்து இறங்கின. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஐஸை வைத்து யாரும் பீர் காய்ச்ச முடியாது. எனவே, பீர் காய்ச்ச நினைத்த வெள்ளைக்காரர்கள் குளிரைத் தேடி மலை ஏறினார்கள்.

நீலகிரியில் 1857-லேயே காசில் ப்ரூவரி என்ற ஆலை இருந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த இப்படிப்பட்ட ஐந்து சின்ன ஆலைகளை ஒன்றாக்கி ஆரம்பித்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். கிங்ஃபிஷர் பாட்டிலில் இருக்கும் அதே பெயர். ராணுவ முகாம்களுக்கு பீப்பாய் பீப்பாயாக மாட்டு வண்டியில் பீர் போனது. இன்று பெங்களூரு அடையாளமாகப் பார்க்கப்படும் பிராண்டின் ஒரு வேர் நம்ம நீலகிரியில் இருக்கிறது என்று சொன்னதும்தான் நண்பன் கிளாஸை கீழே வைத்தான்.

அவன் கிளாஸை வைத்த அந்த இடைவெளியில் இன்னொன்றும் சொன்னேன். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, அதுவும் நம்ம பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 'பெரும்பாணாற்றுப்படை' காஞ்சிபுரத்தை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல். காஞ்சிக்குப் போகும் வழியில், வலைஞர் வீடுகளில் என்ன கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற வைத்து, அதில் முளைகட்டிய நெல்லைப் பொடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஜாடியில் விளைய வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்த மது. சைட் டிஷ், சுட்ட மீன்!

முளைகட்டிய தானியம் என்பதைக் கவனியுங்கள். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அதுதான் மால்ட். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள்தாம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. பவேரியாக்காரர் பார்லியில் செய்ததை, தொண்டை மண்டலத்துக்காரர் நெல்லில் செய்திருக்கிறார். அதே நூலில் வீட்டில் செய்த நெற்கள்ளுக்கு 'தோப்பி' என்ற அழகான பெயரும் வருகிறது. தமிழ்நாட்டில் என்றைக்காவது மைக்ரோப்ரூவரி வந்தால், யாராவது அந்தப் பெயரை வையுங்கள். ராயல்டி கேட்க மாட்டேன்.

சரி, கிளாஸுக்கு வருவோம்

முந்நூறு மில்லி சொச்சம். வெளிர் பொன்னிறம், மேலே இரண்டு விரல் நுரை. முதல் வாய்க்கு நண்பன் சொன்ன மாதிரிதான், ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. ஏனென்றால் என் நாக்கு எதிர்பார்த்தது 'ஸ்ட்ராங்' பாட்டிலின் தொண்டை எரிச்சலை. இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் அது பேச ஆரம்பித்தது. அடுப்பிலிருந்து எடுத்த பன் ரொட்டி வாசனை. அதற்கடியில் லேசான இனிப்பு. கடைசியில், வெந்தயம் ஊறிய தண்ணீரைக் குடித்த மாதிரி ஒரு சின்னக் கசப்பு, வந்தது தெரியாமல் போய்விட்டது. வெளியே 37 டிகிரி வெயில். அந்த வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது மோர் ஒன்றுதான்.

ஜில்லென்று உறையும் அளவுக்கு அது இல்லை என்பதையும் கவனித்தேன். நம் ஊரில் பீர் என்றால் முதல் கேள்வியே "கூலிங் இருக்கா?" என்பதுதான். நாலைந்து டிகிரிக்கும் கீழே போனால் நாக்கு மரத்துவிடும், ருசி தெரியாது. ருசி தெரியக் கூடாத பீரை அப்படிக் குடிப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். வெயிலில் நின்ற லாரியிலும், சூடான குடோனிலும் கிடந்த பாட்டிலில் நனைந்த அட்டைப் பெட்டி வாசனை வந்துவிடும். பச்சை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் நாற்றமே அடிக்கும். பிரவுன் பாட்டில் அதைத் தடுக்கத்தான். லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். பாலுக்குப் பார்ப்பதைப் போல அதையும் பார்க்கலாம்.

பாட்டிலை டம்ளர் தண்ணீரில் கவிழ்த்து 'கிளிசரின்' இறக்கும் பையன்களை நானும் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் நானே இறக்கியிருக்கிறேன். கீழே நூல் நூலாக இறங்குவது கிளிசரின் அல்ல. தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியான பீரே அதன் எடைக்கு இறங்குகிறது. அவ்வளவுதான். அந்த பீரை வீணாக்கினோம் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இனி சித்தப்பா.

நான் குடித்த லாகரின் ஆல்கஹால் அளவு 5 சதவிகிதத்துக்கும் கீழே என்று போர்டில் எழுதியிருந்தது. ரயிலில் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டியதும், எதற்கென்றே தெரியாமல் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். 330 மில்லியில் 5 சதவிகிதம் என்றால் 16.5 மில்லி சுத்த ஆல்கஹால். சித்தப்பா வாங்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் 8 சதவிகிதம் வரை இருக்கலாம். அப்படியானால் 52 மில்லி. தினமும் இரண்டு பாட்டில்: 104 மில்லி.

அவர் விட்டுவிட்டதாகக் குடும்பமே கொண்டாடிய குவார்ட்டர்? 180 மில்லியில் 42.8 சதவிகிதம். 77 மில்லி!

மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான். ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது ஏறக்குறைய இரண்டு லார்ஜ். பிராந்தியிலிருந்து பீருக்கு 'இறங்கியதாக' நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் உண்மையில் ஏறிக்கொண்டிருந்தார். யாரும் சதவிகிதத்தைப் பார்க்கவில்லை. "பீர்தானே" என்ற ஒரு வார்த்தை எல்லோரையும் தூங்க வைத்துவிட்டது. போன வருடம் கால் வீங்கி, ஸ்கேன் எடுத்து, கல்லீரல் டாக்டர் "எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டபோதும் அவர் சொன்ன பதில் அதேதான்: "பீர்தான் டாக்டர்."

இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகைதான். காரணம் ருசி அல்ல. மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, கொடுத்த காசுக்கு 'கிக்கு' எதில் அதிகமோ அதை வாங்குகிறோம். லாகரின் இயல்பே மென்மையும் பொறுமையும்தான். அதை 8 சதவிகிதத்துக்கு ஏற்றி, நாக்கு மரக்கும்படி குளிர வைத்து, கம்பிக் கதவு வழியாக வாங்கி, நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிப்பதுதான் நமக்குத் தெரிந்த லாகர். அதை வைத்துக்கொண்டு லாகரை மட்டம் என்று சொல்லும் நண்பனும், அது ஜூஸ் மாதிரி என்று நம்பிய சித்தப்பாவும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, இதுவரை குடிக்காதவர்கள் யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 21 வயது ஆகாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் விற்கவே கூடாது. புதுச்சேரி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டுவதும் குற்றம். ஆனால், எப்போதாவது குடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அடுத்த முறை புதுச்சேரியிலோ பெங்களூரிலோ அப்படி ஒரு இடத்தில் உட்காரும்போது, ஸ்ட்ராங்கையும் ஐ.பி.ஏ-வையும் தள்ளிவைத்துவிட்டு ஒரு சின்ன கிளாஸ் லாகர் கேட்டுப் பாருங்கள். சதவிகிதம் என்ன என்றும் கேளுங்கள். போர்டில் எழுதியிருப்பார்கள். அரை மணி நேரம் எடுத்துக் குடியுங்கள். ஒன்றோடு எழுந்து வர முடியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவர் எதையும் தொடுவதில்லை, டாக்டர் கண்டிப்பு. திண்ணையில் உட்கார்ந்து உப்பில்லாத மோர் குடித்துக்கொண்டிருந்தார். கால்குலேட்டரைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரே ஒருமுறை எண்களை அழுத்திப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சித்தி மிக்ஸி ஓட்டும் சத்தம் நிற்கும் வரை எதுவும் பேசவில்லை.

"பாண்டில குடிச்சியே, அது எப்படிடா இருந்துச்சு?"

"ரொட்டி வாசனை சித்தப்பா. லேசா கசப்பு."

"எத்தனை பர்சென்ட்டு?" என்றார்.